கேட்காமல் விட்ட ஞாயிற்றுக்கிழமைச் சமையல்

உணவு ஆலோசனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக, சர்க்கரை நோயாளிகளின் சோர்வுக்கு என்ன உணவு கொடுக்கலாம், என்ன சத்து மாத்திரை கொடுக்கலாம் என்று நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லி என்னைக் கேட்டார்கள். ஓய்வு பெற்றவளுக்கு வேறு என்ன வேலை, உட்கார்ந்து எழுதட்டும் என்று நினைத்திருப்பார்கள். நார்ச்சத்து எத்தனை கிராம், புரதம் எத்தனை கிராம் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். போதாததற்குக் கம்ப்யூட்டர் வேறு இருக்கிறது. ஆகவே நான் அட்டவணை எழுதப்போவதில்லை. நான் செய்த ஒரு தப்பை எழுதப்போகிறேன். பிடிக்காவிட்டால் பக்கத்தைத் திருப்பிவிட்டுப் போங்கள், எனக்குக் கோபமில்லை. பொய் சொல்வானேன், கொஞ்சம் கோபம் வரும்.

தொண்ணூறுகளில் வாரத்துக்கு இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், பெங்களூர் அடுகோடியில் ஒரு தரும மருத்துவமனைக்கு உணவு ஆலோசனை சொல்லப் போய்வந்துகொண்டிருந்தேன். மருத்துவமனை என்று பெயர்தான். மூன்று அறை, ஒரு நீள பெஞ்சு, ஒரு எடை மெஷின். ஒட்டினாற்போல ஒரு லேத் பட்டறை. அது ஓட ஆரம்பித்தால் நோயாளி சொல்வதில் பாதிதான் காதில் விழும். வருகிறவர்கள் பெரும்பாலும் நீலசந்திராவிலிருந்து வரும் தமிழ்க் குடும்பங்கள். கட்டட வேலை, தையல் வேலை, வீட்டு வேலை. கோலார் தங்கவயலை விட்டுவிட்டு இங்கே குடிவந்தவர்களும் நிறைய. சர்க்கரை உள்ளவர் யார் வந்து உட்கார்ந்தாலும் முதல் வார்த்தை 'சுஸ்து' என்பதுதான். சோர்வுக்குக் கன்னடத்தில் சொல்கிற வார்த்தை. பெங்களூர்த் தமிழர்கள் அதை எப்போதோ தங்களுடையதாக்கிக் கொண்டுவிட்டார்கள்.

நான் மல்லேஸ்வரத்தில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் முட்டை நுழைந்ததில்லை. வெங்காயம்கூடச் சில நாட்களில் வாசலோடு நின்றுவிடும். படிப்பில் முதல் வகுப்பு. மாமிசத்தில் என்ன சத்து இருக்கிறது என்பதைப் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியவள். ஆனால் ஒரு ஈரலைக் கண்ணால் பார்த்ததில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

எனக்கு உதவியாக அங்கே குப்பம்மா என்று ஒரு ஆயா இருந்தார். நோயாளிகளை எடை பார்ப்பது, டோக்கன் கூப்பிடுவது, எனக்குப் பதினோரு மணிக்கு டீ கொண்டுவருவது எல்லாம் அவர்தான். நீலசந்திராக்காரர். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. என் வாய்க்கு அது ஈடாக இருந்தது.

ரோசலின் முதன்முதலாக வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியில் காலர் தைப்பவர். கோலார் தங்கவயலில் பிறந்தவர். கணவர் சுரங்கத்தில் வேலை செய்து, நெஞ்சு கெட்டுப்போய் இறந்துவிட்டார். ஒரே மகள், அப்போது நாலாவதோ ஐந்தாவதோ படித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் ரோசலினுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இருந்தும் நான் 'வாம்மா, உக்காரு' என்றுதான் பேசினேன். அவர் என்னை 'மேடம்' என்றார். அது எங்கள் இரண்டு பேருக்குமே அன்றைக்குத் தப்பாகத் தெரியவில்லை.

டாக்டர் அப்போதுதான் அவருக்குச் சர்க்கரை என்று சொல்லி, மெட்ஃபார்மின் மாத்திரை எழுதி என்னிடம் அனுப்பியிருந்தார். வந்து உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

"இதுக்குப் போய் அழுவாங்களாம்மா? சொன்னபடி சாப்பிட்டா நூறு வயசு இருக்கலாம்."

"நூறு வயசு இன்னாத்துக்கு மேடம். எம்பொண்ணு படிச்சி முடிக்கிற வரிக்கும் இந்தக் காலு மெஷின் மேல ஓடணும். அத்தோட போதும்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஊசியும் கத்தரியும் பட்டுத் தடித்த விரல்கள். இடது கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் படிவத்தை நிரப்பினேன். பெஞ்சில் இருபது பேர் காத்திருந்தார்கள். இரக்கமும் காட்டியாகிவிட்டது, வேலையும் நடந்துவிட்டது என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது.

"நான்-வெஜ் எல்லாம் சாப்பிடுவியாம்மா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். "இல்ல மேடம். எப்பவாவது. கிறிஸ்மஸ், ஈஸ்டர், அவ்ளோதான்."

'ஏறக்குறைய சைவம்' என்று எழுதினேன். மனசுக்குள் ஒரு நிம்மதி. அப்பாடா, இவளோடு மல்லுக்கட்ட வேண்டாம். பிறகு அச்சடித்த உணவுத் தாளை எடுத்தேன். அதில் கொழுப்பு என்ற ஒரே காரணத்துக்காக ஈரல், குடல், மூளை, முட்டையின் மஞ்சள் கரு எல்லாவற்றையும் சிவப்பு மையில் அடித்துக் கொடுப்பது என் வழக்கம். அன்றைக்குச் சும்மா ஒரு பழக்கத்தில் அடித்தேன். சாப்பிடாதவளுக்கு எதற்கு அடிப்பது என்றுகூட யோசிக்கவில்லை. அந்தச் சிவப்புக் கோட்டை இன்றைக்கும் என்னால் கண் முன்னால் பார்க்க முடிகிறது.

ரோசலின் மாதிரி ஒரு நோயாளி எனக்கு வாய்த்ததில்லை. சொன்னால் சொன்னதுதான். அரிசி அளவு குறைந்தது. ராகி உருண்டைகூட அளந்துதான். பால் ஒரு டம்ளர் என்று நான் எழுதியிருந்ததை மகளுக்குக் கொடுத்துவிட்டுத் தான் கடுங்காப்பி குடித்தார் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. சர்க்கரை அளவு இறங்கியது. 'ரோசலினைப் பாத்துக் கத்துக்கங்க' என்று பெஞ்சில் இருந்தவர்களை நான் அதட்டுவேன். அவர் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொள்வார். இப்படி நாலைந்து வருடம் ஓடிப்போனது.

அப்புறம் சுஸ்து வந்தது.

"ரொம்ப பேஜாரா கீது மேடம். காலைல எழுந்திருக்கும்போதே அடிச்சிப்போட்டாப்ல கீது. மதியானத்துக்கு மேல லைன்ல உக்கார முடியல. நாக்கு வேற எரியுது, காரம் தாங்கல."

"காரம் குறைச்சா நல்லதுதானே. ஊறுகாயை விடு" என்றேன். கேட்டுக்கொள்ளுங்கள். எரிகிற நாக்கை நீட்டிக் காட்டியவளிடம் ஊறுகாயை விடச் சொன்னேன். நாக்கு வழவழவென்று சிவந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

ரத்தம் பார்த்ததில் சோகை இருந்தது. மருந்துக் கம்பெனிக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போகிற டானிக்கும் சத்து மாத்திரையும் என் அலமாரியில் எப்போதும் நிறைந்திருக்கும். இரும்புச் சத்தும் ஃபோலிக் ஆசிடும் எடுத்துக் கொடுத்தேன். டாக்டரும் சரி என்று கையெழுத்துப் போட்டார். மூன்று மாதத்தில் ரத்தம் ஏறிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. குப்பம்மாவைக் கூப்பிட்டு அந்த லேப் சீட்டைக் காட்டினேன்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். உங்களுக்கு இது பாடத்தில் வரும், எனக்கும் வந்திருந்தது. பி-பன்னிரண்டு குறைந்ததால் வருகிற சோகைக்கு ஃபோலிக் ஆசிட் கொடுத்தால் ரத்தம் தேறிவிடும். சீட்டு அழகாக இருக்கும். ஆனால் நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும். மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிட்டால் அந்தச் சத்து உடம்பில் சேர்வது குறையலாம். அது மாமிசத்தில் உண்டு, முட்டையில் உண்டு, பாலில் உண்டு. ஈரலில் ஏராளமாக உண்டு. கீரையிலும் ராகியிலும் பருப்பிலும் தேடினால் கிடைக்காது. எல்லாம் தெரிந்தவள்தான் நான். இருந்தும் அது எனக்குத் தோன்றவே இல்லை. ஏன் என்றால் என் கணக்கில் ரோசலின் என்னைப் போல. நானும் பிறந்ததிலிருந்து சைவம், எனக்கு என்ன குறைந்துபோயிற்று? நான் தினமும் மூன்று வேளை பால் காப்பியும் இரண்டு வேளை தயிரும் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

சுஸ்து போகவில்லை. அடுத்த வருடம் கால் மரத்துப்போகிறது என்றார். பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருக்கிறது என்றார். சர்க்கரைக்கு அப்படித்தான் இருக்கும், செருப்பில்லாமல் நடக்காதே என்றேன். சர்க்கரை அளவோ நன்றாகவே இருந்தது. நன்றாக இருக்கிற சர்க்கரை ஏன் காலைக் கெடுக்க வேண்டும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். பெஞ்சில் இருபது பேர் இருந்தார்கள். எப்போதுமே இருபது பேர் இருப்பார்கள், அதை ஒரு சாக்காகச் சொல்லாதீர்கள்.

இன்னொரு நாள் வந்து, "மூஞ்சி கழுவ கண்ண மூடுனா விழுந்துடற மாரி ஆவுது மேடம். செவுத்த புடிச்சிக்கினுதான் கழுவறேன்" என்றார்.

லோ-சுகராக இருக்கும் என்று நினைத்தேன். பையில் இரண்டு பிஸ்கட் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவரும் வைத்துக்கொண்டார். நான் சொன்னால் எதையும் செய்வார்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. லேத் பட்டறை ஓடிக்கொண்டிருந்தது. ஃபேக்டரி யூனிஃபார்மோடு ரோசலின் உள்ளே வந்தார். வலது கை ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது. துணி முழுக்க ரத்தம். தையல் மெஷின் ஊசி விரலுக்குள் இறங்கி முறிந்திருந்தது. டாக்டர் அதை எடுத்துக்கொண்டிருக்கும்போது நான் பக்கத்தில் நின்றேன். ரோசலின் முகம் சுளிக்கவே இல்லை.

"வலிக்கலையாம்மா?"

"தெர்ல மேடம். ஊசி எறங்குனதே தெர்ல. வெள்ள காலர் செவப்பாயிடுச்சி, அத பாத்துதான் தெரிஞ்சிச்சி. சூப்பர்வைசர் கத்தறான். இப்பல்லாம் பெடல் மேல கால் எங்க கீதுன்னே எனக்கு தெர்ல மேடம். குனிஞ்சி பாத்துதான் மெறிக்கிறேன்."

டாக்டர் கையில் இருந்ததைக் கீழே வைத்தார். அவர் பெரிய வைத்தியர் என்று பெயரெடுத்தவர் இல்லை. நிதானமான மனிதர். "கண்ண மூடிட்டு நில்லுங்கம்மா" என்றார். ரோசலின் கண்ணை மூடினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, வெட்டின வாழை மரம் மாதிரி சாய்ந்தார். குப்பம்மாதான் பாய்ந்து பிடித்தார்.

"முன்னாடியே இப்படி இருந்துச்சா? மேடம்கிட்ட சொன்னீங்களா?"

ரோசலின் என்னைப் பார்த்தார். "இல்ல டாக்டர். இப்பதான்" என்றார்.

என்னைக் காப்பாற்றினார். அது எனக்கு அந்த நொடியிலேயே தெரிந்தது. நான் குனிந்து ஃபைலை எடுத்தேன்.

டாக்டர் என்னிடம் திரும்பி, "இவங்க சுத்த சைவமா?" என்றார்.

"ஆமாம் டாக்டர், ஏறக்குறைய" என்று ஃபைலைக் காட்டினேன்.

ரோசலினை ரத்தம் எடுக்க அனுப்பிய பிறகு, கதவை மூடிக்கொண்டு குப்பம்மா என்னிடம் வந்தார்.

"யாரு மேடம் சைவம்? ரோசலினா? எங்க தெருவுக்குப் பின்தெருதான் அது வூடு. ஞாயித்துக்கெழம காலைல மாட்டு ஈரல் வாங்க மொத ஆளா நிக்கும். எல்லாத்துலயும் அதான் மேடம் சீப்பு. ஈரல் வறுவலு, வாரத்துக்கு ஒருவாட்டி, தப்பவே தப்பாது. நீங்க காயிதம் குடுத்தப்புறம் நிறுத்திடிச்சி. 'மேடம் செவப்பா கோடு போட்டுட்டாங்க'ன்னு சொல்லிச்சி. அத்தினி வருஷமா அது வாயில வெக்கல."

"ஏன் என்கிட்ட பொய் சொன்னா? நான் கேட்டேனே!"

"நீங்க கேட்டா யாரு மேடம் நெஜம் சொல்வா?" என்றார் குப்பம்மா. "நான்-வெஜ்ஜுன்னு கேக்கும்போதே உங்க மூக்கு இப்பிடி மேல போவும்." மூக்கைச் சுருக்கிக் காட்டினார். "பெஞ்சில கீறவங்க எல்லாருக்கும் அது தெரியும். உள்ள போறதுக்கு முன்னாடியே சொல்லிக்குவாங்க, கறி கிறின்னு சொல்லிடாதேன்னு."

"நீயாவது சொல்லியிருக்கலாமே குப்பம்மா?"

"இன்னான்னு சொல்றது? அது சாப்புடறத நான் சொன்னா, நான் சாப்புடறதயும்தான சொல்லணும்."

எட்டு வருடமாக அவர் கையால் டீ குடித்துக்கொண்டிருந்தவள் நான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு என் மூக்கே தெரிந்திருக்கவில்லை.

ரத்தம் பெரிய லேபுக்குப் போய் வந்தது. பி-பன்னிரண்டு பாதாளத்தில் இருந்தது. ஊசி ஆரம்பித்தார்கள். முதலில் தினமும், பிறகு வாரம் ஒன்று. நாக்கு ஆறியது. சுஸ்து போயே போய்விட்டது. "புது ஆள் மாரி கீது மேடம்" என்றார். காலும் விரலும் மட்டும் மரத்தது மரத்தபடியே இருந்தன. ரொம்ப நாள் கெட்டுப்போன நரம்பு, எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஊசி முறிந்த விரல் ஆறின பிறகு ரோசலின் வேலைக்குப் போய்ப் பார்த்தார். பத்து நாள்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. காலர் கோணிக்கொண்டு போயிற்று. லைனிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

மகள் அப்போது பத்தாவது முடித்து பி.யூ.சி. முதல் வருடம். நன்றாகப் படிக்கிற பெண் என்று கேள்வி. படிப்பை விட்டுவிட்டு அதே ஃபேக்டரியில், அதே லைனில், அம்மாவின் மெஷினில் போய் உட்கார்ந்தாள். குப்பம்மாதான் வந்து சொன்னார். அன்றைக்கு டீயை மேஜையில் வைத்துவிட்டு நிற்காமல் போய்விட்டார்.

நான் டாக்டரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்புக் கோடு, நாக்கு, முகம் கழுவும்போது சாய்ந்தது, பிஸ்கட், எல்லாம். ரோசலினிடம் போய் இதைச் சொல்லவேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மாத்திரை எழுதினது நான். வருஷக்கணக்கா அந்த ரத்தத்தை டெஸ்ட் பண்ணாம விட்டதும் நான். சக்கரை எவ்வளவு, மாத்திரை எவ்வளவு, சாப்பாடு எவ்வளவுன்னு இனிமே யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. நீங்க போய்ச் சொன்னா உங்க பாரம்தான் குறையும். அவங்களுக்குக் கால் திரும்பி வராது. யோசிச்சுக்கங்க."

அவர் சொன்னது நியாயம் மாதிரி இருந்தது. நியாயமாக இருந்ததைவிட, எனக்குச் சௌகரியமாக இருந்தது. சொல்லவில்லை. ஒன்றரை வருடம் சொல்லவில்லை. தப்பு செய்தது ஒரு பக்கம் என்றால், எனக்கு அதிகம் வலிக்கிறது இந்த ஒன்றரை வருடம்தான். ரோசலின் மாதம் ஒரு தடவை ஊசிக்கு வருவார். சுவரைப் பிடித்துக்கொண்டு வருவார். 'நல்லா இருக்கீங்களா மேடம்' என்று கேட்பார். நான் ஃபைலைப் பார்த்துக்கொண்டே 'இருக்கேன்' என்பேன். பிறகு வருவது நின்றுபோனது.

இந்த இடத்தில் உங்களுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னால் முடியாது. சோர்வு என்று வருகிறவருக்கு டானிக்கை எடுத்து நீட்டாதீர்கள், முதலில் காரணத்தைப் பாருங்கள். மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர் என்றால் பி-பன்னிரண்டு பார்க்கச் சொல்லி டாக்டரிடம் நச்சரியுங்கள், திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். 'சைவமா அசைவமா' என்று கேட்காதீர்கள். அது சாப்பாட்டைப் பற்றிய கேள்வி என்று நமக்குத் தோன்றும், எதிரில் இருப்பவருக்கு அப்படிக் கேட்காது. 'போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் என்ன சமையல்' என்று கேளுங்கள். அடுத்த முறை வரும்போது, 'இந்தத் தாளைப் பார்த்து எதையெல்லாம் விட்டீங்க' என்று கேளுங்கள். கேட்கும்போது உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்று வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் நின்று பார்த்திருக்கிறேன், ஐம்பது வயதுக்கு மேல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, குப்பம்மாவிடம் வழி கேட்டுக்கொண்டு நீலசந்திராவுக்குப் போனேன். ஒரே அறை வீடு. மகள் கதவைத் திறந்தாள். அம்மாவின் கண்கள். ஃபேக்டரி ஐ.டி. கார்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் மாதா படம். மாதா படத்துக்குக் கீழே, பிளாஸ்டிக் கவர் போட்டு, நான் கொடுத்த உணவுத் தாள். மை வெளுத்திருந்தது. கோடு மட்டும் நன்றாகத் தெரிந்தது.

"மேடம் வந்துருக்காங்க, சேர் போடு" என்று ரோசலின் பரபரத்தார். எழுந்திருக்கப் போனவரைத் தடுத்து, அவர் பக்கத்திலேயே கட்டிலில் உட்கார்ந்தேன். மகள் எனக்கு டீ போட அடுப்புப் பக்கம் போனாள். அடுப்பில் குக்கர் இருந்தது. என்ன வாசனை என்று எனக்குத் தெரிந்தது. மூக்கு அசையாமல் பார்த்துக்கொண்டேன்.

எழுதி வைத்துப் படித்தவள் மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன். நாக்கைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்றேன். மகளும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முதுகு அசையவில்லை.

ரோசலின் முந்தானையை மடியில் இழுத்துவிட்டுக்கொண்டார். "தெரியும் மேடம். குப்பம்மா அப்பவே சொல்லிச்சி" என்றார்.

"அப்புறமும் ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கலை? திட்டியிருக்கலாமே!"

"இன்னாத்துக்கு திட்டறது. நானும்தான பொய் சொன்னேன்."

"ஏன் சொன்னீங்க ரோசலின்?" முதல் தடவையாக 'நீங்க' என்று வந்தது. "என் மூஞ்சியைப் பாத்தா?"

"மூஞ்சில்லாம் நான் பாக்கல மேடம். உங்க மூக்கு மேல போனா போவுது." லேசாகச் சிரித்தார். "அன்னிக்கி நீங்க என் கைய புடிச்சிக்கினு இருந்தீங்க. எங்க வூட்டுக்காரு போனப்புறம் யாரும் புடிச்சதில்ல. மாட்டு ஈரல்னு சொன்னா வுட்ருவீங்கன்னு நெனச்சேன்."

விட்டிருக்கமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. விட்டிருப்பேன். வெடுக்கென்று இல்லை, நான் படித்தவள். பேனாவை மாற்றுகிற மாதிரி, பேப்பரைத் திருப்புகிற மாதிரி, நாசூக்காக விட்டிருப்பேன். அப்புறம் எழுந்துபோய்க் கையைக் கழுவியிருப்பேன். அது அவருக்கும் தெரியும் என்பதை நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அந்தப் பெண்ணுக்கு எதிரில், ஐம்பதைத் தொடப்போகிறவள், மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன்.

ரோசலின் என்னை அழவிட்டார். மகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். காலர் நன்றாகத் தைக்கிறாளாம். சூப்பர்வைசரே சொல்கிறானாம், அம்மாவைவிடச் சுத்தம் என்று. சாயங்கால காலேஜில் சேர்க்கலாம் என்று யாரோ சொன்னார்களாம், பார்க்கலாம் என்றார். பேசும்போது முகம் அடுப்புப் பக்கமே இருந்தது, மகளையே பார்த்துக்கொண்டு.

கட்டில் மேல் அவர் கை கிடந்தது. எடுத்து என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டேன். இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். விரல்கள் சும்மா கிடந்தன. அவர் பேசிக்கொண்டே போனார், நானும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். குக்கர் இரண்டு விசில் விட்டது. மூன்றாவது விசிலுக்கு எழுந்திருக்கப் பார்த்தவர், எதிலோ மாட்டிக்கொண்டது போலக் குனிந்து பார்த்தார்.

"ஐயோ," என்றார் ரோசலின். "எப்பலேர்ந்து புடிச்சிக்கினு கீறீங்க மேடம்?"